பதினேழு ஓட்டைக் காமிரா

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அதில் ஒரு கொம்பு குறைகிறது, ஒரு கால் கூடுகிறது என்று எங்கிருந்தாவது ஆள் அனுப்பிச் சொல்லுவான். அப்படிப்பட்ட பிறவி. ஆம்பூரில் நான் இருந்த டேனரியில் அவனுக்கு உத்தியோகமே குறை கண்டுபிடிப்பதுதான். பதனிட்டுக் காய்ந்து வரும் தோல்களை வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, எங்கே ஓட்டை, எங்கே கத்திக் கீறல், எங்கே உண்ணி கடித்த வடு என்று பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்துப் போடுவான். டேனரியில் தூசியும் நாற்றமும் இல்லாத ஒரே வேலை அது. அதற்கு ஆசைப்படாத ஆள் அங்கே கிடையாது.

வேலை முடிந்ததும் கையைக் கழுவுவான். கண்ணைக் கழுவமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் பாதிரி ஐயருக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு போகும்போது, இவன் மட்டும் அருகில் போய், போன மாதம் சொன்ன கதையையே இன்றைக்கும் சொன்னீர்கள் என்று மெல்ல ஞாபகப்படுத்துவான். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், முதல் கவளத்திலேயே "புளி ஜாஸ்தி அண்ணி" என்பான். சொல்லிவிட்டு மூன்று தரம் குழம்பு வாங்கிக்கொள்வான். இந்த வாய்க்கு இனிமேல் சோறு போடமாட்டேன் என்று என் மனைவி சத்தியம் பண்ணுவாள். அடுத்த வாரம் அவளே, "இன்னா, உங்க தம்பி வரலையா?" என்று கேட்பாள். அவன் என் தம்பி இல்லை. என்னைவிட ஏழு வயது இளையவன், பக்கத்து வரிசை வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

ஊரில் குறை சொல்கிறவர்களுக்குப் பஞ்சமா? அடுத்தவன் குறையை எல்லோரும் சொல்வார்கள். இவன் தன் குறையையும் அதே குரலில், அதே வேகத்தில் சொல்லித் தொலைப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், பலகாரத் தட்டு வருவதற்கு முன்னாலேயே, எனக்கு இடது காது சரியாகக் கேட்காது, கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டேன், என் மாமா குடிப்பார், விசேஷங்களில் ரகளை பண்ணுவார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டான். கூடப் போயிருந்த எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அப்படி மூன்று சம்பந்தம் கைநழுவிற்று. நாலாவதாகக் கணியம்பாடியில் ஒரு பெண், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாளாம். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டாள். பிற்பாடு அவளே இவனிடம் குறை கண்டுபிடிப்பதில் இவனை மிஞ்சினாள் என்பது வேறு விஷயம்.

ஏன்டா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "நாமளே முன்னாடி சொல்லிட்டா, எதிராளி யோசிச்சுப் பாப்பான் அண்ணே. அவனா கண்டுபிடிச்சா நம்பள திருடன்னு நெனப்பான்" என்றான்.

என் கதைக்கு வருகிறேன். சிறு வயதில் நான் வேலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவன். காமிரா பிடிப்பேன், கண்ணாடித் தட்டு கழுவுவேன், நெகடிவில் முகத்து அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைப்பேன். ஸ்டுடியோ மூடிப்போனது. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆம்பூருக்கு வந்து, டேனரியில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைத் தூளும் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். ஐந்து வருஷத்தில் நெஞ்சு கெட்டுப்போயிற்று. பத்து அடி நடந்தால் இரைக்கும். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இந்தத் தூசியில் நின்றால் பிறகு மருந்து கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு வேலை எங்கே கிடைக்கும்? யார் கொடுப்பார்கள்?

மதராஸில் மோட்டார் வண்டிகளுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அங்கே படம் எடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. ஓடுகிற மோட்டார் சைக்கிளை ஒரு படம் எடுத்து அனுப்பு, ஓட்டுகிறவன் முகம் அடையாளம் தெரியவேண்டும், சக்கரம் கலங்கக் கூடாது, சரியாக இருந்தால் வேலை உண்டு என்று அந்தப் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: காமிரா உன்னுடையதாக இருக்கவேண்டும், அதன் நிலை என்ன என்றும் எழுது.

மாசி மாதத்தில் பாலாறு வறண்டதும், பெங்களூரிலிருந்தும் மதராஸிலிருந்தும் துரைமார்களும் பணக்காரப் பிள்ளைகளும் வந்து ஆற்று மணலில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள். அதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. என்னிடம் காமிராவும் கிடையாது. கையில் நாற்பது ரூபாய் இருந்தது.

வேலூர் பெரிய கடைத்தெருவில், சீமைக்குக் கப்பலேறுகிற வெள்ளைக்காரர்களின் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒரு பாய் கடை இருந்தது. துணைக்கு வாடா என்று இவனைக் கூப்பிட்டேன். காமிராவைப் பற்றி இவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய சாமான் வாங்கும்போது இவனைவிட நல்ல துணை எந்த ஊரில் கிடைக்கும்?

கடையில் மூன்று இருந்தன. ஒன்று வெறும் பெட்டிக் காமிரா. நிற்கிற மாட்டை எடுக்கலாம், ஓடுகிற மாட்டை எடுக்க முடியாது. அதை ஒதுக்கிவிட்டேன். இரண்டாவதைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தேக்குப் பளபளப்பு, பித்தளை மூலைகள், லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளுகிற தோல் துருத்தி நல்ல சிவப்பு. மூன்றாவது, கறுப்புப் பூச்சு உரிந்து, சொறி பிடித்தாற்போல் கிடந்த பெரிய காமிரா. பத்திரிகைக்காரர்கள் வைத்திருப்பார்களே, தட்டுக்கு முன்னால் துணித் திரை ஓடுகிற ஜாதி, அது.

சிவப்பையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இவன் துருத்தியை விரலால் நெருடினான். மோந்து பார்த்தான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான்.

"அண்ணே, மரம் பழசு, தோலு புதுசு. நல்லா இருந்த தோல எவன் உரிச்சு மாத்துவான்?" பாய் பக்கம் திரும்பினான். "இன்னா பாய், இது தண்ணியில உழுந்ததா?"

பாய் அல்லா மேல் ஆணை என்று ஆரம்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடை வாசலில் நின்ற பாயின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். காமிராவின் பின்பக்கத்தைத் திறந்து கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே ஷட்டரைத் தட்டினேன். ஷட்டர் வேகமாக இருந்தால் பொட்டு பொட்டாகவே தெரியும், மந்தமாக இருந்தால் கோடாக இழுக்கும். சிவப்புக் காமிராவில் பாதி வட்டத்துக்குக் கோடு இழுத்தது. உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடந்தது. சொறிக் காமிராவில் அதே பொட்டு, நெற்றியில் வைத்ததுபோல் நின்றது.

பிறகு இவன் அந்தச் சொறிக் காமிராவை எடுத்துக்கொண்டு கடையின் இருட்டு மூலைக்குப் போனான். பாயின் டார்ச் லைட்டைத் துருத்திக்குள் வைத்து எரியவிட்டு, ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியாக எண்ணினான். பதினேழு ஓட்டை. பதினேழையும் பாயிடம் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஐந்தாவது ஓட்டையிலேயே பாய் விலையைக் குறைக்க ஆரம்பித்தார், பன்னிரண்டாவதில் கையெடுத்துக் கும்பிட்டு, முப்பத்தெட்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு இவரை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று என்னிடம் கெஞ்சினார்.

"ஓட்டை இருக்குது அண்ணே, ஆனா தோலு சாகல. வெள்ளாட்டுத் தோலு. நான் சரி பண்ணித் தர்றேன்" என்றான். சொன்னபடியே வெட்டிப்போட்ட ஆட்டுத்தோல் துண்டுகளைக் காகிதமாகச் சீவி, கறுப்புச் சாயம் ஏற்றி, வச்சிரப் பசையால் ஒட்டி, பதினேழையும் அடைத்தான். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், எனக்குச் சொல்லாமல், ஆசையாக இன்னொரு காரியமும் செய்தான். துருத்தி காய்ந்து வெடிக்கக்கூடாது என்று புங்க எண்ணெயை நன்றாகத் தேய்த்து ஊறவைத்தான். தோல்காரன் கையில் தோல் கிடைத்தால் எண்ணெய் போடாமல் விடுவானா? எங்கள் ஊரில் செருப்புக்கும் அதுதான், சேணத்துக்கும் அதுதான். ஆனால் துருத்தியின் மடிப்புகளை விறைப்பாக நிறுத்துவது தோல் இல்லை, தோலுக்கு உள்ளே ஒட்டியிருக்கிற அட்டைகள். எண்ணெய் குடித்த அட்டை தளர்ந்துவிடும் என்பது அவனுக்கும் தெரியாது, ஸ்டுடியோவில் இருந்த எனக்கும் தோன்றவில்லை.

பந்தயத்தன்று ஆற்றில் தேர்க்கூட்டம். இவன் மிச்சத் தட்டுகளைக் கறுப்புத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். வண்டிகள் கிளம்பியதும் கிளம்பிய புழுதியில் எனக்கு இரைப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிகிறது, கை நடுங்குகிறது. வளைவில் ஒரு வண்டி வரும், தட்டுவேன், தட்டை மாற்றுவேன், மூச்சு வாங்குவேன். ஐந்து தட்டு போய்விட்டது. ஆறாவதுக்கு இவன் தன் தோளைக் கொடுத்து, சாய்ந்துகொள்ளுங்கள் என்றான். அவன் தோளில் முழங்கையை ஊன்றி, காமிரா மேலிருந்த கம்பிச் சட்டத்தின் வழியே குறிபார்த்துத் தட்டினேன். அத்தனை நேரமும் மாசி வெயிலில் துருத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் டேனரியின் ஜன்னலில்லாத பட்டைக் கிடங்கில் தட்டுகளைக் கழுவினேன். நான்கில் வெறும் புழுதி. ஒன்றில் ஒரு பின்சக்கரம் மட்டும். ஆறாவதை வெயிலில் காகிதத்தில் பதித்து எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை வளைக்கிறான், பல் தெரிகிறது, சக்கரத்துக் கம்பி தெரிகிறது, சக்கரம் வாரியடித்த மணல் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் படத்தின் மேல் கால்பங்கு, வானம் இருக்கவேண்டிய இடம், கரி பூசினதுபோல் கறுப்பு. காமிராவுக்குள் உருவம் தலைகீழாகத்தானே விழும்? கீழே தொய்ந்த துருத்தி, மேலே இருந்த வானத்தைத் தின்றுவிட்டது.

இவன் காமிராவை வாங்கித் துருத்தியைத் தடவினான். விரலை மோந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் எண்ணெய்தான் அண்ணே" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, கறுப்பை ஒட்ட நறுக்கிவிட்டேன். மிச்சம் இருந்தது அருமையான படம். காகிதம் எடுத்து, காமிரா நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதினேன். இவன் பக்கத்தில் நின்று அந்த வரியைப் படித்தான். "நல்ல நெலமையிலயா இருக்குது?" என்று கேட்டான். நீ பேசாமல் இரு, என் மூச்சு இதில் இருக்கிறது என்றேன். உறையில் போட்டு, தோல் கட்டுகளோடு ஸ்டேஷனுக்குப் போகிறவனாயிற்றே என்று அவனிடமே தபாலில் சேர்க்கக் கொடுத்தேன். அவனைத் தெரிந்திருந்தும் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

சாயங்காலம் வந்து நின்றான். முகம் செத்துக் கிடந்தது. நறுக்காத இன்னொரு படத்தை நான் பழகுவதற்காகப் பதித்துக் கிடங்கிலேயே வைத்திருந்தேன். அதையும் உறையில் போட்டு, கூடவே தன் கையால் ஒரு கடுதாசியும் எழுதி வைத்து அனுப்பிவிட்டானாம். மேலே தெரிகிற கறுப்பு இருட்டு இல்லை, நான் போட்ட புங்க எண்ணெய், காமிராவில் பதினேழு ஒட்டு இருக்கிறது, படம் எடுத்தவர் மேல் தப்பு இல்லை என்று எழுதினானாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே அவன் மேல் கொட்டினேன். என் பிள்ளைகள் சோற்றில் மண் போட்டாயே, நான் செத்தால் உனக்கு நிம்மதியா என்று கேட்டேன். இன்னும் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். என் வாசற்படியை மிதிக்காதே என்று கதவைச் சாத்தினேன். என் மனைவி, "அவரு மறைக்கத் தெரியாதவரு, அது உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவளோடும் பேச்சை விட்டேன்.

பதினோரு நாள். காமிராவை மட்டும் யாரோ வந்து வாங்கிப் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனதாக மனைவி சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் எனக்கு இரைப்பு முற்றி, வேலைக்குப் போகமுடியாமல் படுத்துவிட்டேன். இனி சுண்ணாம்புக் கொட்டகையிலேயே முடிந்துபோகவேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. ராத்திரி பகலாகப் பயந்துகொண்டு கிடந்தேன்.

பதினோராம் நாள் காலை தபால் வந்தது. ஆசிரியர் தம் கையாலேயே எழுதியிருந்தார். வானம் எங்களுக்கு வேண்டாம், எப்படியும் அதை நறுக்கித்தான் அச்சில் போடுவோம், பையனின் பல்லும் சக்கரமும் போதும். காமிரா நல்ல நிலையில் இருப்பதாக நீங்கள் எழுதியதையும் படித்தேன், உங்கள் சிநேகிதர் எழுதியதையும் படித்தேன். இனி நீங்களும் அவரைப்போலவே எழுதுங்கள். அவரே மறுபடியும் ஒரு கார்டு போட்டிருக்கிறார்: எண்ணெயை எடுத்துவிட்டாராம், அட்டை மாற்றிவிட்டாராம், இருட்டில் விளக்கு வைத்துப் பார்த்ததில் ஓட்டை இல்லையாம். இவ்வளவு தெரிந்து நான் எந்தக் காமிராவையும் வாங்கினதில்லை. வேலை உண்டு, அதையே எடுத்துக்கொண்டு ஒன்றாம் தேதி வந்து சேருங்கள்.

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் கண் மறைத்தது. வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். மனைவியிடம் படித்துக் காட்டிவிட்டு, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு டேனரிக்கு நடந்தேன். தோல் பார்க்கிற அறைக்கு நேராகப் போனேன். அங்கே வேறு ஒருவர் நின்று தோலைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன் தோஸ்த்துக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? மொதலாளிகிட்டயே போய்ட்டான். இனிமே நான் சுண்ணாம்பு நிறுக்குறேன், அண்ணன் இங்க நிக்கட்டும், அவரு நெகடிவ் பாத்துப் பழகின கண்ணு, ஓட்டை தெரியும்னு ஒரே புடியா நின்னான். மொதலாளியும் சரின்னுட்டாரு, நீ எழுந்து வர்ற வரைக்கும் இவர இங்க நிக்க வெச்சிருக்காரு. ரெண்டு நாளா அங்கதான் கெடக்குறான். உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. உலகத்தில் ஒன்றையும் மறைக்கத் தெரியாதவன், இதை மறைத்திருக்கிறான்.

கொட்டகைக்குப் போனேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு ஆள் கூடையைப் பிடிக்க, இவன் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். புருவம் வெளுத்து, கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெளியே போங்கள் என்று கையால் விரட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே, காற்று வருகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கடிதத்தைப் படித்தேன். எனக்கும் இரைக்கிறது, அவனுக்கும் இருமுகிறது, ஒரு வரியைப் படிக்க இரண்டு தரம் நிறுத்தவேண்டியிருந்தது.

முடித்ததும் அவன் காகிதத்தை வாங்கினான். வேலை உண்டு என்று எழுதியிருக்கும் இடம் எது என்று கேட்டு, அதில் விரலை வைத்துத் தானும் படித்தான். கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தான். தேதி சரிதானா என்று பார்த்தான். நான் பேசின பேச்சுக்கெல்லாம் என்னை மன்னித்துவிடடா என்றேன். அது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். "அப்பாடா" என்று அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து என்னைப் பார்த்தான்.

"அப்போ நான் என் வேலைக்கே திரும்பிப் போய்டலாம் இல்ல அண்ணே?" என்று கேட்டான்.